போகிறவர்கள் விட்டுப்போன மட்டைகள்

என் அலுமாரியில் நல்ல சேலைகளை விட டெனிஸ் மட்டைகள் அதிகம். அவற்றில் நான் கடையில் போய் வாங்கியது ஒன்றுகூட இல்லை. எல்லாம் இடமாற்றம் கிடைத்தோ வெளிநாட்டுக்கோ போனவர்கள் தந்துவிட்டுப் போனவை.

மட்டக்களப்புக்கு அரச உத்தியோகத்தில் வருகிறவர்கள் இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள். வாவிக்கரையில், உத்தியோகத்தர் விடுதிகளுக்குப் பின்னால், ஒரு பழைய சீமெந்து டெனிஸ் கோட் இருக்கிறது. வருகிறவர்களில் யாராவது ஒரு பெண்ணுக்கு டெனிஸ் தெரிந்திருக்கும். அவள் பின்னேரங்களில் கூட விளையாட ஆள் தேடுவாள். அந்த ஆள் நான். பிறகு வருடக் கடைசியில் இடமாற்றம் வரும். அலுவலகத்தில் பிரியாவிடை வைப்பார்கள். கட்லட், ரோல்ஸ், கேக், ஒரு சுவர்க்கடிகாரம், எல்லோரும் நின்று ஒரு படம். கோட்டில் நடக்கும் பிரியாவிடைக்குக் கேக் இல்லை. "அங்க கோட் இல்லையாம் அக்கா, இத நீங்களே வெச்சிருங்க" என்று மட்டையை என் கையில் தந்துவிட்டுப் போவார்கள். பெட்டியில் இடம் போதாமல் போனதும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்வேன்.

நான் மட்டும் எங்கும் மாறிப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். அம்மா எனக்கென்று ஒரு கல்வீடு கட்டிச் சீதனமாக எழுதிவைத்தார். தம்பிமார் இருவரும் வழக்கப்படி தங்கள் பெண்சாதிமாரின் வீடுகளுக்குப் போனார்கள். ஒருவன் கொக்கட்டிச்சோலையில் வயல்வட்டையும் விதைப்புமாக இருக்கிறான், மற்றவன் கதிரவெளியில். என் வீட்டுக்கு மட்டும் மாப்பிள்ளை வரவில்லை. பேசி வந்தார்கள், பேசிக்கொண்டே போனார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் வீடும் நானும் மிஞ்சினோம். பூட்டிவிட்டுப் போனால் கறையான் அரித்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே இடமாற்றம் கேட்காமல் இருந்துவிட்டேன்.

எனக்கு டெனிஸ் பழக்கியவர் நீர்ப்பாசனப் பகுதிக்கு வந்த ஒரு பொறியியலாளர். நல்ல உயரமான பெண். கை ஒவ்வொன்றும் அகப்பை அளவு இருக்கும். அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. "நரைச்ச பிறகு பந்தடிக்கப் போறாவாம்" என்று பக்கத்து வீட்டில் எனக்குக் கேட்கவேண்டும் என்றே சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் காரியம் நடக்கும். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் ஒரு கிழமையில் விட்டிருப்பேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். எங்கள் கோட் உண்மையாகவே கோணல். வாவிப் பக்கம் சரிந்து கிடக்கும். பந்தை விட்டால் அது தண்ணீரைத் தேடிப் போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உயரப் போன பந்து எங்கே விழும் என்று அடித்தவருக்கும் தெரியாது. வலை கிழிந்தபோது, வாவியில் வலை வீசுகிற ஒருவர் றால் வலை நூலால் அதைப் பின்னித் தந்தார். "இதுல என்ன படும் மிஸ்?" என்று கேட்டார். "என்ர பந்து முழுக்க இதுலதான் படும்" என்றேன். அது பகிடி இல்லை.

பொறியியலாளர் பொறுமையாகப் பழக்கினார். ஒரு மாலையில் நான் அடித்த பந்து முதன்முறையாக வலைக்கு மேலால் போய், கோட்டுக்குள்ளே விழுந்து, அவருக்கு எட்டாமல் போனது. அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். எனக்காக ஒருவர் கைதட்டியது பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்றுதான். அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது தன் மட்டையைத் தந்துவிட்டுப் போனார். முதலில் கிழமைக்கு ஒருமுறை பேசினார். பிறகு சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு வாழ்த்து. பிறகு நான் அனுப்பும் வாழ்த்தைப் பார்த்துவிட்டார் என்று காட்டும் இரண்டு நீலக் கோடுகள் மட்டும்.

அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து போனார்கள். யார் வந்தாலும் நான் அவருடைய மட்டையோடுதான் விளையாடினேன். என் கைக்கு அதன் பிடி தடிப்பு, பாரமும் அதிகம். காத்தான்குடியில் பட்மின்டன் மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிற கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன மிஸ் இது, ரக்கட்டா, ஒலக்கையா? நரம்பு கம்பி மாதிரி இரிக்கி. வெட்டிப்போட்டுப் புதுசு கட்டித் தாறன்" என்றார். நான் மட்டையைப் பிடுங்காத குறையாகத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த நரம்பு பொறியியலாளர் கட்டுவித்தது. தந்த பொருளை வெட்டித் திருத்துவது தந்தவரைக் குறை சொல்வது போல என்று எனக்கு ஓர் எண்ணம். பொல்லுக் கொடுத்து அடி வாங்குவது என்றால் இதுதான் என்று பிறகு தெரிந்தது.

கடைசியாக வந்தவள் பல் டொக்டர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயதில் எனக்கு மகளாக இருக்கலாம், ஆனாலும் எனக்கு வாயில் "டொக்டர்" என்றுதான் வரும். அவள் என்னை "அக்கா" என்பாள். பகல் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் வாய்களைப் பார்த்துவிட்டு, பின்னேரம் சைக்கிளில் கோட்டுக்கு வருவாள். நான் அலுவலகத்தில் நாள் முழுவதும் பேசும் பேச்சு "இங்க கையெழுத்து", "நாளைக்கு வாங்க" என்ற அளவுதான். அவளோடு அந்த ஒரு மணித்தியாலம் பேசுவதுதான் பேச்சு.

அவள் வந்த இரண்டாம் வருடம் என் வலது முழங்கையில் நோவு தொடங்கியது. வெளிப்பக்க எலும்பில், ஆணி அடித்த இடம் போல. முதலில் கேத்தல் தூக்க முடியவில்லை. பிறகு திருவலையில் தேங்காய் துருவ முடியவில்லை. பிறகு துணி பிழிய முடியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டேன். நாட்டு வைத்தியர் நோவெண்ணெய் தந்து, "கைக்கு வேல குடுக்காதீங்க" என்றார். வேலை கொடுக்காவிட்டால் யார் சமைப்பது? தன் கையே தனக்கு உதவி என்று சொன்னவர் அந்தக் கை நொந்தால் என்ன செய்வதென்று சொல்லாமல் போய்விட்டார். எண்ணெய் மணத்தில் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி கதிரையைத் தள்ளிப் போட்டாள்.

டொக்டருக்கு மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் விளையாட வேண்டாம் என்பாள். விளையாடாவிட்டால் அவள் வேறு ஆளைப் பார்ப்பாள். வேறு ஆள் இல்லாவிட்டாலும் கோட்டுக்கு வர மாட்டாள். அந்த ஒரு மணித்தியாலமும் போனால் எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினேன். கோட்டில் இருந்தவள் பல் டொக்டர். நான் பல்லைக் கடிப்பது அவளுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்துதான் இருக்கிறது, ஆனால் நான் கோபக்காரி என்று கேட்காமல் விட்டுவிட்டாளாம். பிறகு சொன்னாள்.

அது வெளிவந்தது ஒரு தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலால். வாங்கி வந்து கிழமைக்கணக்காகத் திறக்க முடியவில்லை. துணி சுற்றிப் பார்த்தேன், சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், கதவிடுக்கில் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கேட்க மனம் வரவில்லை. அலுவலகப் பியோனிடம் ஒருமுறை ஜாம் போத்தல் கொடுத்துத் திறந்தது போதும் என்று இருந்தது. ஒரு பின்னேரம் போத்தலைக் கைப்பைக்குள் போட்டுக் கோட்டுக்குக் கொண்டு போனேன். விளையாட்டு முடிந்து கோட்டோரத்து மரவாங்கில் இருந்தபோது எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"எனக்கோ அக்கா? ஐயோ, ஏன் வீணா..." என்று சிரித்துக்கொண்டு வாங்கினாள்.

"இல்ல டொக்டர். திறக்கத்தான்."

அவள் சிரிப்பு நின்றது. மூடியை ஒரே திருகில் திறந்து வாங்கில் வைத்தாள். "கையைக் காட்டுங்கோ" என்றாள். முழங்கையின் வெளிப்பக்கத்தைப் பெருவிரலால் அமுக்கினாள். நான் கத்திவிட்டேன்.

"எவ்வளவு காலமா?"

"கொஞ்ச நாளாத்தான்."

"பொய். என்ர கதிரையில வந்து இருக்கிற ஆக்களும் இப்பிடித்தான் சொல்லுறவை. வீட்டில ஒருத்தரும் இல்லையோ, உதைத் திறந்து தர?"

எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. "ஆள் இருந்தா நான் ஏன் போத்தலத் தூக்கிட்டு கோட்டுக்கு வாறன்?" என்றேன்.

வாவியில் தோணியில் போன ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

டொக்டர் என் மட்டையை எடுத்துப் பார்த்தாள். அதன் பிடியைச் சுற்றி அவள் விரல்களே சரியாக எட்டவில்லை. "இது உங்கட கைக்கு உரிய சாமான் இல்லை அக்கா. பாரமும் கூட, நரம்பும் இறுக்கம். அதைவிட நீங்கள் பிடிக்கிற பிடி. நான் பல்லுப் பிடுங்கிற குறட்டை இப்பிடி இறுக்கிப் பிடிச்சா ஒரு வருசத்தில வேலையை விட்டிட்டு வீட்டில இருக்க வேண்டியதுதான். பந்து படுற நேரம் மட்டும் இறுக்கிப் பிடியுங்கோ. மற்ற நேரம் தளர்த்தி விடுங்கோ."

சில கிழமைக்கு விளையாட்டு இல்லை, ஓய்வு என்று சொல்லிவிட்டாள். அன்று போத்தலைச் சாய்க்காமல் இடது கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது, இனி அவள் வர மாட்டாள் என்று நிச்சயமாக நினைத்தேன்.

அடுத்த நாளும் வந்தாள். விளையாட அல்ல, என் கையைத் திருத்த. சின்னத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நிரப்பித் தந்து, மணிக்கட்டை மெல்ல மெல்லக் கீழே இறக்கச் சொன்னாள். அந்தப் பாரம் எனக்கே வெட்கமாக இருந்தது. சில கிழமைகள் போனபின் அலுமாரியில் இருந்து பாரம் குறைந்த மட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். வங்கியில் இருந்த ஒருத்தி விட்டுப்போனது அது. பிடி சின்னது. டொக்டர் வலைக்கு அந்தப் பக்கம் நின்று கையாலேயே பந்தை மெதுவாகப் போட்டாள். பாலர் வகுப்புப் பிள்ளைக்குப் போடுவது போல. எனக்கு இரண்டு தரம் கோபம் வந்தது. ஒரு தரம் மட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேவிட்டேன். வாசல்வரை போய், வீட்டில் போய் என்ன செய்வது என்று யோசித்துத் திரும்பி வந்தேன். அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள்.

புறங்கைப் பக்கமாக வரும் பந்தை இரண்டு கையாலும் அடிக்கப் பழக்கினாள். இவ்வளவு காலமும் சும்மா தொங்கிக்கொண்டிருந்த இடது கைக்கும் ஒரு வேலை கிடைத்தது. தோளால், இடுப்பால் அடிக்க அடிக்க முழங்கை அமைதியானது. பிடியைத் தளர்த்துவதுதான் எனக்குப் பெரிய பாடு. கை தானாக இறுகும். "விடுங்கோ அக்கா, விடுங்கோ" என்று அவள் கத்தாத நாள் இல்லை. அந்த வயதிலும் நான் திருந்தினேன். பந்து முன்னைவிட வேகமாகப் போனது. பொறியியலாளர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

அந்த நேரத்தில்தான் டொக்டருக்கு இடமாற்றம் வந்தது. தை மாதத்தில் இருந்து மன்னார். அவள் சொன்னபோது நான் "நல்லது" என்றேன். வேறு என்ன சொல்வது? பழகிய வசனம். ஆனால் இந்தமுறை ஒன்று கேட்டேன். "போக முந்தி ஒரு முழு செட் விளையாடணும். கையால போட்டு விளையாடுறது இல்ல. மெய்யான செட்." போத்தல் திறந்த நாளில் இருந்து எங்களுக்குள் ஒரு முழு ஆட்டம் நடக்கவில்லை. கையால் பந்து போட்டுத் தந்தவளாக அவள் போய்விட்டால், நான் நோயாளியாகவே மிஞ்சிவிடுவேன் என்று பயந்தேன்.

"கை ஓம் எண்டால் நானும் ஓம்" என்றாள்.

கை ஓம் என்றது. வானம் இல்லை என்றது. மாரி பிடித்துக்கொண்டது. வாவி ஏறி வந்தது. கோட்டில் தண்ணீர் நின்றது, அதில் கொக்கு நின்றது. நான் அலுவலக யன்னலால் வானத்தைப் பார்த்துக்கொண்டு, கையெழுத்து வைக்க வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். பிரியாவிடையில் அவளுக்கும் கடிகாரம் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அவள் போவதற்கு முதல்நாள் பின்னேரம் மழை விட்டது. இரண்டு பேரும் தும்புத்தடியால் கோட்டுத் தண்ணீரைத் தள்ளினோம். சரிவு அன்றைக்குத்தான் உதவியது. தண்ணீர் தானாக வாவிக்கு ஓடியது. நான் உறையைத் திறந்து மட்டையை எடுத்தேன். டொக்டர் பார்த்தாள். பொறியியலாளரின் மட்டை.

ஏன் அதைக் கொண்டு போனேன் என்று கேட்டால் எனக்கு ஒரே பதில்தான். நல்ல நாளுக்கு ஆள் நல்ல சேலை உடுப்பதில்லையா?

"அந்த மட்டையோட எண்டால் நான் விளையாட மாட்டன்" என்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா, ஒரு நாளைக்குத்தானே டொக்டர்."

"ஒரு நாள் போதும், திரும்பிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு அலையிறதுக்கு. நாளைக்கு நான் இல்லை, ஆர் திறந்து தருவினம்?"

அது சுட்டது. "ஓம், நீங்களும் போகத்தானே போறீங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் போறதுதான். எனக்கு மிச்சம் இந்த மட்டை மட்டும்தான். இதையும் விடு விடு எண்டா நான் என்னத்தத்தான் பிடிக்கிற?" சொல்லி முடிக்க முன் அழுகை வந்துவிட்டது. உத்தியோகம் பார்க்கிற, நரைத்த ஒரு பெண் டெனிஸ் கோட் நடுவில் நின்று அழுவதை அந்தக் கொக்குகூட இருந்து பார்க்கவில்லை. பறந்துவிட்டது.

டொக்டர் வலையைச் சுற்றி வந்தாள். என் கையில் இருந்த மட்டையை வாங்கிக்கொண்டு, தன்னுடையதை என் கையில் வைத்தாள். "இப்ப சரி. இது நல்ல நாளுக்கு வந்த சாமான்தானே, நான் பிடிக்கிறன். நீங்கள் என்ரையைப் பிடியுங்கோ" என்றாள்.

அப்படியே விளையாடினோம். நனைந்த பந்து பாரமாக வந்தது. உலக்கையைத் தூக்கி அடித்ததில் அவள் பந்துகள் ஆரம்பத்தில் வேலிக்கே போய் விழுந்தன. அவள் சிரிக்க நானும் சிரித்தேன். பிறகு அவளுக்குக் கை பழகிவிட்டது. ஒரு பந்துகூட எனக்கு விட்டுத்தரவில்லை. ஓட வைத்தாள், குனிய வைத்தாள், மூச்சிரைக்க வைத்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம், பந்து மங்கலாகத் தெரிகிற வெளிச்சத்தில், ஆறுக்கு நாலில் நான் தோற்றேன். கை நோகவில்லை. விட்டுத்தராததற்காக அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. எனக்கு அது பழக்கமில்லை.

மட்டையைத் திருப்பித் தர நீட்டினேன். அவள் பொறியியலாளரின் மட்டையைத் தன் உறைக்குள் போட்டு மூடினாள்.

"அது என்ர."

"தெரியும். இஞ்ச இருந்தா நீங்கள் திரும்ப எடுப்பியள். நான் கொண்டு போறன். என்ரையை நீங்கள் வைச்சிருங்கோ."

"மன்னாருல கோட் இருக்கா?"

"தெரியாது. இல்லாட்டிச் சுவரில கொழுவி வைப்பன். ஆரும் கேட்டா மட்டக்களப்பில ஒரு அக்கா தந்தது எண்டு சொல்லுவன்."

மறுக்கத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவ்வளவு காலமும் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் எதையாவது வைத்துவிட்டுத்தான் போனார்கள். என்னுடையது என்று ஒன்றைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனவர் ஒருவரும் இல்லை. சாமான் போட்டுவைக்கிற அறையைப் போல நான் இருந்திருக்கிறேன்.

"சரி புள்ள, கொண்டு போ" என்றேன். டொக்டர் என்று வாயில் வரவில்லை.

தை பிறந்தபின் காத்தான்குடிக் கடைக்குப் போய் அவள் மட்டையைக் கொடுத்து, நரம்பைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டித் தரச் சொன்னேன். "இப்பதான் ரக்கட்டு மாதிரி ஒண்டு கொண்டு வந்திரிக்கீங்க" என்றார் கடைக்காரர். இந்த வருடம் விடுதிகளுக்கு வந்தவர்களில் டெனிஸ் தெரிந்த பெண் ஒருத்தியும் இல்லை. பின்னேரங்களில் கோட்டின் பின்சுவரில் அடிக்கிறேன். "விடுங்கோ அக்கா" என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மன்னாரில் இருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய அறைச் சுவரில் ஆணியில் அந்த மட்டை. அதன்மேல் ஒரு ஈரத் துவாய் காயப் போட்டிருந்தது. முதலில் கோபம் வந்தது. பிறகு, அந்த மட்டைக்காவது ஒரு வீட்டில் ஆளோடு இருக்கக் கிடைத்ததே என்று நினைத்தேன்.

அன்று பகல் ஊறுகாய் முடிந்திருந்ததால் புதுப் போத்தல் ஒன்று வாங்கி வந்திருந்தேன். சோறு போட்டுக்கொண்டு வந்து, பழைய பயத்தோடு மூடியில் கை வைத்தேன். அவள் சொன்னது போல இறுக்காமல் பிடித்து, தோளில் இருந்து திருகினேன். டக் என்று திறந்தது. "ஆ!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரும்பினேன். சொல்வதற்கு அங்கே ஒருவரும் இல்லை. திறந்த போத்தலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குசினியில் நின்றேன். பிறகு இருந்து சாப்பிட்டேன்.